மெல்லியது, ஆகவே இலேசானது

ஜூலை 3, திங்கள்

ரேச்சல் சொன்ன வேலையில் இன்று சேர்ந்தேன். ஆம்பூர் புறவழிச்சாலை ஓரம், இரண்டு மாடிக் கட்டடம். கீழே ஷூவின் மேல்பாகம் தைக்கிறார்கள். மேலே மாதிரி அறை. வெட்டும் மேசை ஒன்று, நான்கு தையல் எந்திரங்கள், சுவர் முழுக்க ஆணிகள். ஆணிகளில் தொங்கியவற்றைப் பார்த்துக் குதிரைச் சாமான் என்று நினைத்தேன்.

"குதிரைக்கு இல்லடி, மனுஷனுக்கு" என்றாள் ரேச்சல். "வெளிநாட்டுல புருஷன் பொண்டாட்டி, சிநேகிதங்க, ரெண்டு பேரும் பேசி வச்சிகினு அடிச்சி வெளையாடுறாங்க. அதுக்குத்தான். உனக்கு இன்னா, மூஞ்சி சுண்டிப்போச்சி?"

"ஒண்ணுமில்ல."

"எம்.ஏ. சைக்காலஜி நீ. நான்தான் வெக்கப்படணும்."

பள்ளியில் ஒன்றாகப் படித்தவள். அவள் தோல் தொழில்நுட்பம் படிக்கப் போனாள். பொருளை அவள் வடிவமைக்கிறாள். பெர்லினில் இருந்து வாங்கும் இங்கா என்ற பெண் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு படிவம் கேட்கிறாள். எடை, நீளம், விளிம்பு, வளைவு. கடைசிக் கட்டம்: உணர்வு. அதை நல்ல ஆங்கிலத்தில் எழுத ஓர் ஆள் வேண்டும். அது நான்.

நிரந்தரமாக இருக்க மாட்டேன் என்று முதலாளி ஷமீம் மேடத்திடம் சொல்லிவிட்டேன். மனநல இல்லத்தின் வேலையில் இருந்து என்னை நிறுத்திவைத்து மூன்று வாரம் ஆகிறது. விசாரணை முடிந்து நன்னடத்தைச் சான்று கையில் வந்தால் ஆகஸ்டில் எம்.ஃபில். சேர்ந்துவிடலாம்.

வரும் வழியில் சலவைத்தூள், தீப்பெட்டி வாங்கினேன்.

ஜூலை 4, செவ்வாய்

இந்த அறையில் அடி இரண்டு வகை. 'மொத்' என்பது உள்ளே இறங்குவது. 'சுரீர்' என்பது தோலின் மேலேயே நிற்பது. மற்றவை எல்லாம் இரண்டுக்கும் நடுவில்.

யார் எழுதுகிறார்களோ அவர்கள் தொடையில்தான் முதல் சோதனை. சுடிதார் மேலேயே.

ஸ்வேட் என்னும் மெத்தென்ற ஆட்டுத் தோல், முப்பது வார்கள், ஒவ்வொன்றும் விரல் அகலம். குஞ்சம் என்கிறார்கள். ஈரத் துண்டு விழுந்த மாதிரி இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. யாரோ கனமாகக் கை வைத்துவிட்டு எடுக்கிறார்கள்.

அதே பிடி, அதே நீளம், எண்ணெய் ஏற்றிய எருமைத் தோல், பத்து வார்கள். உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டேன். தையல் மேசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"வாரு கொறைஞ்சா அடி கூடும்" என்றாள் ரேச்சல். "முப்பது வாரு அடியைப் பங்கு போட்டுக்கும். பத்து வாருக்குப் பங்காளி கம்மி. நுனியைச் சாய்ச்சு வெட்டினா இன்னும் கெட்டது. கையை விட நுனிதான் வேகமாப் போவுது. அரை அடி கிட்ட நின்னுட்டன்னு வையி, சுத்திகினு போய் இடுப்பெலும்புல விழும்."

எழுதிக்கொண்டேன். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது நன்றாக இருக்கிறது. எட்டு மணி நேரம் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

ஜூலை 6, வியாழன்

போன் நாள் முழுக்க அணைந்தே கிடந்தது. சார்ஜர் எடுத்துப் போக மறந்துவிட்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

அண்ணன் வேலூரில் இருந்து வந்திருந்தான். வக்கீல் ஆபீஸில் இருப்பவன். என்னுடைய விளக்கக் கடிதத்தை அவனே தட்டச்சு செய்து கொண்டு வந்தான்.

"ஏன் எப்பப் பாத்தாலும் போன் ஆஃப்ல இருக்கு?"

"சார்ஜ் இல்லண்ணா."

"போட வேண்டியதுதானே?"

கடிதத்தைப் படித்தேன். ஜூன் 12 அன்று காலை, இல்லத்தில் தங்கியிருக்கும் சுகந்தி (வயது 38) என் கைப்பேசி சார்ஜரை எடுத்துக்கொண்டு தர மறுத்தார். கழுத்தில் சுற்றிக்கொள்ளக்கூடும் என்ற அச்சத்தில் அதைப் பறித்தேன். பறிக்கையில் மெல்லிய ஒயர் அவர் கால்மேல் இலேசாகப் பட்டது.

"மெல்லிய, இலேசா. ரெண்டு வார்த்தையையும் விட்டுடாத" என்றான். "கட்டையா, கம்பா? ஒயரு. அதுல என்ன ஆயிடும்?"

"அவங்க அக்கா போட்டோ குடுத்திருக்காங்களே."

"கொசு கடிச்சாக்கூட அந்த மாதிரி போட்டோ எடுக்கலாம்."

அவனுக்குத் தோசை சுட்டுக் கொடுத்தேன். கையெழுத்து அடுத்த வாரம் போடுகிறேன் என்றேன். எழுத்துப்பிழை இருக்கிறதா பார்க்க வேண்டும்.

நடந்தது அதுதான். ஒரு முறை. பறிக்கும்போது.

ஜூலை 11, செவ்வாய்

பலகைகள். தேக்கு, மூங்கில், இரண்டு தோலுக்கு நடுவே தகடு வைத்துத் தைத்தது. கனமான தேக்கு 'மொத்'. மூங்கில் வெற்றுச் சத்தம். ஒன்றில் எட்டு ஓட்டைகள். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். ஓட்டை வழியே காற்று போய்விடுவதால் பலகை தயங்காமல் வந்து விழுகிறதாம்.

விளிம்பைத்தான் ரேச்சல் அதிக நேரம் தேய்க்கிறாள். கண்ணை மூடி, கட்டைவிரலை ஓட்டி, மறுபடி உப்புத்தாள்.

"யாரு பாக்கப் போறாங்க இதை?"

"பாக்க மாட்டாங்க. படும்."

ஜூலை 12, புதன்

ரேச்சல் பேரணாம்பட்டுக்குத் தோல் பார்க்கப் போயிருந்தாள். மீதி இருந்த படிவங்களை நானே முடித்து அனுப்பிவிட்டேன். கடைசி மாதிரி ஒரு வடம். சிலிக்கோன் ரப்பர். நான்கு மில்லிமீட்டர் தடிமன், இரண்டாக மடித்து ஒரு பிடியில் செருகியது. வெள்ளை.

தராசில் வைத்தேன். பிடியைத் தவிர்த்து முப்பத்தெட்டு கிராம்.

உணர்வு: மெல்லியது, ஆகவே இலேசானது. புதியவர்களுக்கு ஏற்றது.

ஜூலை 13, வியாழன்

குழாய் சொட்டுகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். நாளை ஆள் அனுப்புகிறாராம். சத்தம் வராமல் இருக்கக் கீழே துணி வைத்திருக்கிறேன்.

ஜூலை 17, திங்கள்

ஷமீம் மேடம் காலையிலேயே மாடிக்கு ஏறி வந்தார். அவர் மாடிக்கு வருவதே இல்லை.

"தமயந்தி, யாரு எழுதினது இது? பெர்லின்காரம்மா பேசணுமாம். இப்பவே."

கணினித் திரையில் இங்கா. நரைத்த குட்டை முடி, கையில் காப்பி. கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வெள்ளை வடத்தைப் பற்றி நான் எழுதியதை எனக்கே படித்துக் காட்டினாள். எங்கள் பட்டியலிலேயே கடுமையான பொருள் அது என்றாள். உங்கள் வரியை நம்பி ஒருத்தி இதை முதன்முதலாக வாங்குவாள், தன்னை நேசிக்கும் ஆளிடம் கொடுப்பாள், அவனும் இலேசானது என்று நம்பி வீசுவான்.

பிறகு தானாகவே விளக்கினாள். இதெல்லாம் அடிக்கிறவருக்காகச் செய்யும் பொருள் இல்லை. வாங்கிக்கொள்கிறவருக்காக. இருவரும் முன்கூட்டியே ஒரு சொல் பேசி வைத்திருப்பார்கள். அந்தச் சொல் வந்த நொடியில் கை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது விளையாட்டு இல்லை. அதற்கு வேறு பெயர்.

நான் மன்னிப்புக் கேட்டேன். திரை அணைந்தது.

"எனக்குத் தோலு தெரியும், தையல் தெரியும்" என்றார் ஷமீம் மேடம். "நீ எழுதறது எனக்குப் புரியாது. அதனாலதானேம்மா உன்னை வெச்சிருக்கேன்?"

அவர் இறங்கியதும் ரேச்சல் நாற்காலியை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அடிச்சிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எங்க?"

"தொடையில."

"பொய் சொல்லாதடி. இதால அடிச்சிருந்தா இன்னும் கோடு இருக்கும். காட்டு பாப்போம்."

நான் காட்டவில்லை.

"முப்பது சாமான் உன் தொடையில அடிச்சிப் பாத்து எழுதியிருக்க. இதை மட்டும் ஏன் தராசுல வச்ச?"

டீ வந்தது. எழுந்து போய் எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 18, செவ்வாய்

எல்லாரும் சாப்பிடப் போனதும் நானே கேட்டேன். "ரேச்சல், அந்த வெள்ளையால ஒண்ணு போடு."

"வேணாம்டி. எழுதறதுக்கு நானே சொல்றேன்."

"போடு."

மெதுவாகத்தான் வீசினாள். சத்தமே இல்லை. முதலில் ஒன்றும் இல்லை. உண்மையாகவே ஒன்றும் இல்லை, தவறவிட்டாளோ என்று நிமிர்ந்தேன். பிறகு வந்தது. பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்து, எடுக்காமல் விட்டுவிட்ட மாதிரி. மூச்சு வாங்கி முடித்த பிறகும் போகவில்லை.

கழிவறையில் பார்த்தேன். ஒரு வடம் பட்ட இடத்தில் இரண்டு கோடுகள். நடுவே வெளுத்த இடம், இரு பக்கமும் சிவப்பு. ரத்தம் நடுவில் இருந்து ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறதாம். தண்டவாளம் மாதிரி.

சுகந்தியின் அக்கா கொடுத்த அந்தப் புகைப்படத்தில் கோடுகள் இரட்டை இரட்டையாக இருந்தன. இல்லத்தின் தலைமை மருத்துவரின் மேசையில் தலைகீழாகக் கிடந்ததை நான் பார்த்தேன். கட்டிலின் கம்பியாக இருக்கும் என்றார். நானும் ஆமாம் என்றேன்.

வெளியே வந்தபோது ரேச்சல் தண்ணீர் கொடுத்தாள்.

"கனமா இருந்தா கை யோசிக்கும்" என்றாள். "தூக்கணும், வீசணும், மறுபடி தூக்கணும். இது அப்படி இல்ல. கையில இருக்கறதே தெரியாது. தானாத் திரும்பி வந்துடும்."

ஜூலை 19, புதன்

ஒரு முறை இல்லை. இரண்டு இருக்கலாம். அல்லது மூன்று.

ஜூலை 21, வெள்ளி

வடத்துக்குப் புதுப் பிடி. ரேச்சல் உள்ளே பித்தளைத் துண்டு வைத்துக் கனமாக்கியிருக்கிறாள். பொருளின் எடை முழுவதும் இப்போது உள்ளங்கையில். பத்து முறை காற்றில் வீசச் சொன்னாள். ஏழாவதில் மணிக்கட்டு வலித்தது.

"இப்பத்தான் சரி" என்றாள். "அடிக்கிறவனுக்கும் தெரியணும் இல்ல, அடிச்சிகினு இருக்கோம்னு?"

என் கை அன்று களைக்கவே இல்லை.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை.

ஜூன் 12. காலை பதினொரு மணி. துணி துவைக்கும் இடம். குழாய் திறந்திருந்தது. சுகந்தி சார்ஜரை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சுற்றவில்லை. எனக்குப் போனில் ஒரு அழைப்பு வர வேண்டியிருந்தது, எம்.ஃபில். விஷயமாக. கேட்டேன், தரவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். இழுத்தேன். ஒயர் கழன்று என் பக்கம் வந்தது, அடாப்டர் அவர் கையில். வீசினேன்.

முதல் அடியிலேயே அவர் அடாப்டரையும் விட்டுவிட்டார். சார்ஜர் முழுவதும் என்னிடம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகும் நான் அங்கே இருந்தேன். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பவர்; அவர் சொல்வதைக் காதில் வாங்காமல் இருக்க அந்த இல்லத்தில் எல்லாரும் பழகியிருந்தோம். ஒயர் திரும்பி வந்தது. போனது. வந்தது. ஒரு தாளம் இருந்தது. கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. கோபம் இல்லாமல்தான் மீதி.

சமையல்காரம்மா வாசலில் வந்து நின்ற பிறகு நிறுத்தினேன்.

ஜூலை 23, ஞாயிறு

அண்ணன். கடிதம். பேனா.

"அண்ணா, இதுல இருக்கற மாதிரி நடக்கல."

"எது எப்படி நடந்துதுன்னு நான் உன்னக் கேக்கல. கேட்டனா?"

"அவங்க விசாரணையில சொல்லுவாங்க."

"சொல்லட்டுமே. யாரு நம்பப் போறாங்க? அந்தம்மா ஃபைல்லயே இருக்கு. நடக்காததை நடந்ததாச் சொல்வார், நம்பத்தக்கவர் அல்லன்னு."

"யாரு எழுதினது?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "நீதான்டி. மார்ச் மாசம்."

மார்ச்சில் சுகந்தி, சமையலறையில் பல்லி விழுந்த சோற்றைப் போட்டார்கள் என்று சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. எழுதினேன்.

"அம்மா இருந்திருந்தா உன்னைக் காலேஜுக்கு அனுப்பறதுதான் முக்கியம்னு சொல்லியிருக்கும்" என்றான். "ஒரு கையெழுத்து. வாழ்க்கையே அதுல இருக்கு. உன் வாழ்க்கை."

போட்டேன்.

ஜூலை 25, செவ்வாய்

படிவத்தைத் திருத்தி அனுப்பினேன்.

உணர்வு: மெல்லியது, இலேசானது அல்ல. பட்ட உடனே ஒன்றும் தெரியாது. தெரியும்போது அடுத்தது வந்திருக்கும். அடிப்பவரின் கைக்கு எதுவும் தெரியாது. எனவே அவர் கையை நம்ப வேண்டாம், காதைத் திறந்து வைத்திருக்கட்டும். புதியவர்களுக்கு ஏற்றதல்ல.

இங்கா ஒரு வரி பதில் போட்டாள். இப்போது சரி.

ரேச்சலிடம் வியாழக்கிழமை லீவு கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. "போன்ல சார்ஜ் போட்டுக்கினு போ" என்று தன்னுடைய சார்ஜரை நீட்டினாள். கை நீட்டினேன். வாங்க முடியவில்லை. அவள் அதை மேசையில் வைத்துவிட்டு என் போனை எடுத்துத் தானே மாட்டினாள்.

ஜூலை 27, வியாழன்

விசாரணை. இல்லத்தின் கூட்ட அறை. தலைமை மருத்துவர், மாவட்டத்தில் இருந்து வந்த பெண் அதிகாரி, குறிப்பெடுக்கும் எழுத்தர். எதிரே சுகந்தியின் அக்கா கோமளவல்லி. பீடிக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். நெற்றியில் வியர்வை, மடியில் துணிப்பை. சுகந்தியை அழைத்து வரவில்லை. தூக்கத்தில் இருக்கிறார் என்றார் மருத்துவர். மணி காலை பத்தரை.

அதிகாரி என் கடிதத்தைப் படித்தார்.

"மெல்லிய ஒயர். சார்ஜர் ஒயர்தானே?"

"ஆமா மேடம்."

"இலேசாப் பட்டிருக்கு."

மருத்துவர் எழுத்தர் பக்கம் திரும்பி, எழுதிக்கொள்ளச் சொல்லித் தலையசைத்தார். முடிந்துவிட்டது. எழுந்து வந்திருக்கலாம்.

"இலேசா இல்ல மேடம்" என்றேன். "மெல்லிசா இருந்ததாலதான் இலேசா இல்ல."

"புரியல."

"நான் இப்ப வேலை பாக்கற இடத்துல அடிக்கிற பொருள் செய்யறாங்க. எது எப்படி வலிக்கும்னு எழுதறது என் வேலை. கட்டையா இருந்தா அடி பரவும். ஒயரு பரவாது, ஒரே கோட்டுல இறங்கும். போட்டோவுல ரெண்டு ரெண்டு கோடா இருக்கே, அது கட்டில் கம்பி இல்ல. ஒரு அடிக்கு ரெண்டு கோடு. என் கால்லயும் வந்துது."

"தமயந்தி" என்றார் மருத்துவர். "நீங்க பதட்டத்துல இருக்கீங்க. உக்காருங்க."

"நான் உக்காந்துதான் இருக்கேன் சார்."

அதிகாரி பேனாவை மூடவில்லை. "பறிக்கும்போது பட்டதுன்னு எழுதியிருக்கீங்களே?"

"பறிச்சு முடிச்சப்புறமும் அடிச்சேன். முதல் அடியிலேயே அவங்க விட்டுட்டாங்க. அவங்க கழுத்துல எதையும் சுத்தல. அந்தக் கடிதம் பொய். கையெழுத்து என்னோடதுதான்."

குரல் என்னுடையது மாதிரி இல்லை. மின்விசிறிக்குக் கீழே காகிதங்கள் படபடத்தன. எழுத்தர் எழுதுவதா வேண்டாமா என்று மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதுங்க" என்றார் அதிகாரி.

அப்போதுதான் கோமளவல்லி முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"எத்தனை?"

நான் அவரைப் பார்த்தேன்.

"எத்தனை அடி போட்டீங்க?"

"எண்ணலீங்க."

"பதினேழு" என்றார்.

எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பாக்கப் போறப்பல்லாம் பதினேழு பதினேழுங்கறா. சோறு ஊட்டினா பதினேழு. தலை வாரினா பதினேழு. ஏதோ புதுசா ஆரம்பிச்சிடுச்சின்னு நான்தான் டாக்டர்கிட்ட போய்ச் சொன்னேன். மாத்திரையை ரெண்டு பங்கா ஏத்திட்டாங்க. இப்ப பதினேழு சொல்றதில்ல. ஒண்ணுமே சொல்றதில்ல. எச்சி ஒழுகுது."

மருத்துவர் கோப்பைத் திறந்தார். மூடினார்.

"நானும் நம்பல" என்றார் கோமளவல்லி. என்னிடம் சொல்லவில்லை, மேசையிடம் சொன்னார். "ரெண்டு மூணு வெச்சிருப்பாங்க, இவ பெருசு பண்றான்னு நெனச்சேன். கூடப் பொறந்தவ நான்."

சுகந்தி அன்று சொல்லிக்கொண்டே இருந்தது அந்த எண்ணிக்கைதான். துணி துவைக்கும் இடத்தில். நான் காதில் வாங்காதது.

நான் எண்ணவில்லை. அவர் எண்ணியிருக்கிறார்.

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். புதிய வாக்குமூலம். ஆங்கிலத்தில் தொடங்கினேன், கைப் பழக்கம்.

"இங்கிலீஷ்ல வேணாம்மா" என்றார் கோமளவல்லி. "முழிப்பு வந்தா அவ படிப்பா. எட்டாவது வரைக்கும் படிச்சவ."

அதை அடித்துவிட்டுத் தமிழில் எழுதினேன். நடந்ததை முழுவதும். மார்ச் மாதக் குறிப்பையும். கடைசியில்: சுகந்தி பதினேழு என்று சொல்வது நோயின் அறிகுறி அல்ல. அத்தனை முறை நான் அவரை அடித்தேன். அவர் எண்ணிச் சொல்கிறார். அதற்காகக் கூட்டிய மாத்திரையைக் குறைக்க வேண்டும்.

கோமளவல்லி தாளை வாங்கி, உதட்டசைத்து, இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்து, பதினேழு என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"எழுத்துல இருக்கு. பக்கத்துல நம்பர்லயும் போடுங்க. நாளைக்கு யாராவது மாத்திப் படிச்சிடப் போறாங்க."

போட்டேன்.